மண்ணும் மொழியும்: விடுதலைக்குப் பின் வந்த பண்பாட்டுக் கொள்கையும் குர்லாத் தமிழரும்

அயலார் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடு ஒவ்வொன்றும் தன் முதற் பத்தாண்டுகளில் இரு பெரும் பணிகளைத் தலைமேற் கொண்டது. மக்களுக்கு உணவும் தொழிலும் தேடித் தருவது ஒன்று, 'நாம் யார்?' என்னும் வினாவுக்கு விடை காண்பது மற்றொன்று. முன்னதன் பொருட்டு ஐந்தாண்டுத் திட்டங்கள் தோன்றின. பின்னதன் பொருட்டு அகாதெமிகளும் அருங்காட்சியகங்களும் நூலகச் சட்டங்களும் பரிசுகளும் தோன்றின. இவற்றையெல்லாம் ஒருசேரத் தொகுத்துப் பண்பாட்டுக் கொள்கை என்று வழங்குகிறோம்.

ஒரு கொள்கையின் தரத்தைத் தலைநகரில் நின்று அளப்பது எளிது. ஆங்கே கட்டடங்கள் உள்ளன, ஆண்டறிக்கைகள் உள்ளன. ஆனால் அக்கொள்கை எதுவரை சென்றது, எங்கே நின்றுவிட்டது என்பதை அறிய வேண்டுமாயின், அதன் எல்லைக்கோட்டில் வாழ்வோரிடம் சென்று கேட்க வேண்டும். குர்லா அத்தகைய எல்லைக்கோடுகளுள் ஒன்று. ஒரு பக்கம் தாராவி, மறுபக்கம் செம்பூர், சற்று அப்பால் மாதுங்கா. மராத்தியும் உருதும் இந்தியும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். தமிழகத்திலிருந்து வரும் இரயில்கள் வந்து நிற்கும் முனையமும் இங்கேதான் உள்ளது. இரயில் தமிழரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. இந்திய நாட்டின் பண்பாட்டுக் கொள்கை அவர்தம் மொழியையும் உடன் கொண்டுவந்து சேர்த்ததா? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதற்கண் நாம் பெற்ற மரபுரிமையை நோக்குவோம். 1835ஆம் ஆண்டில் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பு, இந்திய மொழிகளின் நூற்செல்வத்தை மிகக் கீழாக மதித்து, ஆங்கிலக் கல்விக்கு வழி வகுத்தது. 1876ஆம் ஆண்டில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. அரசுக்கு ஒவ்வாத நாடகத்தைத் தடை செய்யும் அதிகாரத்தை அது அதிகாரிகளுக்கு வழங்கிற்று. முதலாவது நம் மொழியின் மதிப்பைக் குறைத்தது. இரண்டாவது நம் மேடையின் நாவைக் கட்டிற்று. விடுதலை வந்தபின் மெக்காலேயை நாம் ஓயாது பழித்தோம். ஆயினும் 1876ஆம் ஆண்டுச் சட்டம் நடுவணரசின் ஏட்டிலிருந்து அகல விடுதலைக்குப் பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. சென்னை மாநிலமோ 1954ஆம் ஆண்டில் அதே போக்கில் தனக்கென ஒரு நாடகச் சட்டத்தையே இயற்றிக்கொண்டது. எம். ஆர். இராதாவின் நாடகங்கள் கிளப்பிய எதிர்ப்பு அதற்குப் பின்னணியாய் இருந்தது என்பதைத் தமிழ் நாடக வரலாறு அறிந்தோர் அறிவர். ஆட்சியாளர் மாறினர், ஆளும் கருவிகள் மாறவில்லை.

இதனை இந்தியாவுக்கு மட்டும் உரிய குறையென்று கருத வேண்டா. கென்யா நாட்டில் கூகி வா தியாங்கோ 1977ஆம் ஆண்டில் கமிரீத்து என்னும் ஊரின் உழவரையும் தொழிலாளரையும் கொண்டு கிக்கூயூ மொழியில் ஒரு நாடகத்தை மேடையேற்றினார். அதுகாறும் ஆங்கிலத்தில் புதினம் எழுதிப் புகழ் பெற்றிருந்தவர் அவர். ஆங்கிலத்தில் எழுதியவரை அரசு பொறுத்துக்கொண்டது. ஊரார் மொழியில், ஊராரையே நடிக்க வைத்தபோது, நாடகத்தின் உரிமம் பறிக்கப்பட்டது. அவர் விசாரணையின்றி ஓராண்டுக் காலம் சிறை வைக்கப்பட்டார். 1982ஆம் ஆண்டில் அவ்வூரின் அரங்கமும் இடித்துத் தள்ளப்பட்டது. விடுதலை பெற்ற நாட்டு அரசு அஞ்சியது அயல்மொழியை அன்று. தன் மக்களின் மொழியை. இந்த முரண்பாட்டை உணர்ந்தால் பண்பாட்டுக் கொள்கையின் பாதி வரலாறு விளங்கிவிடும்.

இனி நம் அகாதெமிகளைக் காண்போம். சங்கீத நாடக அகாதெமி 1952ஆம் ஆண்டிலும் சாகித்திய அகாதெமி, லலித கலா அகாதெமி ஆகியன 1954ஆம் ஆண்டிலும் தோன்றின. சாகித்திய அகாதெமியின் தொடக்க விழா 1954 மார்ச் 12ஆம் நாள் நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் நிகழ்ந்தது. ஜவாஹர்லால் நேருவே அதன் முதல் தலைவராக விளங்கினார். விடுதலை இந்தியாவின் புதுப் படைப்பென்று நாம் போற்றும் இத்திட்டத்தின் வித்து, விடுதலைக்கு முன்பே இடப்பட்டது. கல்கத்தாவின் வங்காள ராயல் ஆசியக் கழகம் வகுத்துத் தந்த ஒரு கருத்துருவை, 1944ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசு கொள்கையளவில் ஏற்றது. தேசியப் பண்பாட்டு அறக்கட்டளை ஒன்று, அதன்கீழ் மூன்று அகாதெமிகள் என்பதே அத்திட்டம். ஆக, பழைய சட்டியில் புதுச் சோறு சமைத்தோம் எனலாம்.

இதனால் அகாதெமியின் பணியைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஒரு மொழியின் நூலை மற்றொரு மொழியார் படிக்குமாறு செய்த அதன் மொழிபெயர்ப்புப் பணி பெரிது. தகழியையும் தாராசங்கரையும் நம் முந்தைய தலைமுறை தமிழிலேயே படித்து மகிழ்ந்த காலத்தை எண்ணிப் பார்க்கலாம். 1955ஆம் ஆண்டில் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' தொடங்கி, தமிழ் நூல்கள் பரிசு பெற்று வந்துள்ளன. குறை வேறோர் இடத்தில் உள்ளது.

அந்தக் குறை, மொழியை மண்ணோடு பிணைத்ததில் தோன்றியது. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டம் மொழிவழி மாநிலங்களுக்கு வழிகோலியது. 1960 மே முதல் நாள் மகாராட்டிரமும் குஜராத்தும் தனித்தனி மாநிலங்களாயின. இது வேண்டிய சீர்திருத்தமே. தன் மொழியில் ஆட்சியும் நீதியும் கல்வியும் பெறுவது மக்களின் உரிமை. பன்னெடுங்காலப் போராட்டத்தின் பயன் அது. ஆயின் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வீடு அமைத்துத் தந்தபோது, வீட்டுக்கு வெளியே பிழைப்புத் தேடிச் சென்ற பிள்ளைகளின் கணக்கு ஓரத்தில் எழுதப்பட்டது. அவர்களுக்கு மொழிச் சிறுபான்மையினர் என்று பெயரிட்டார்கள்.

பண்பாட்டு நிறுவனங்களும் இந்த நிலப்படத்தையே பின்பற்றின. சாகித்திய அகாதெமியின் மும்பை வட்டார அலுவலகம் 1972ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அது குஜராத்தி, கொங்கணி, மராத்தி, சிந்தி ஆகிய மொழிகளின் பணியைக் கவனிக்கிறது. தமிழின் பணி தெற்கே நடக்கிறது. குர்லாவிலிருந்து தாதருக்கு இரயிலில் சில நிமிடங்களே ஆகும். ஆனால் அங்குள்ள அகாதெமி அலுவலகத்தின் பொறுப்பில் குர்லாத் தமிழரின் மொழி இல்லை. 1985, 1986ஆம் ஆண்டுகளில் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்கள் நிறுவப்பட்டன. தமிழகத்திற்குரிய மையம் தஞ்சாவூரில் உள்ளது. மகாராட்டிரமோ உதயப்பூர், நாகபுரி மையங்களோடு இணைக்கப்பட்டது. திருநெல்வேலியில் பாடினால் வில்லுப்பாட்டு தஞ்சை மையத்தின் கலை. அதையே தாராவியில் பாடினால் அது எந்த மையத்தின் கலை? மண்டலம் வகுத்தோர் இவ்வினாவை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்த எழுத்தாளர்களை அகாதெமி புறக்கணித்ததா? இல்லை. டெல்லியில் வாழ்ந்த இந்திரா பார்த்தசாரதி 1977ஆம் ஆண்டில் 'குருதிப்புனல்' நாவலுக்காகப் பரிசு பெற்றார். பம்பாயில் பல்லாண்டுகள் பணியாற்றி, இந்நகரத் தமிழரின் வாழ்வைத் தம் புதினங்களில் வடித்த நாஞ்சில் நாடனுக்கு 2010ஆம் ஆண்டில் பரிசு கிடைத்தது. மும்பையிலேயே வாழ்ந்து எழுதிவரும் அம்பைக்கு 2021ஆம் ஆண்டில் கிடைத்தது. இவை நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்திகளே. எனினும் நுணுகி நோக்கினால் ஒன்று புலப்படும். பரிசு என்பது விளைந்த கதிருக்குச் சூட்டும் மாலை. வித்துக்கும் நீருக்கும் அது பொறுப்பேற்பதில்லை. எழுத்தாளர் ஒருவர் எங்கிருந்தாலும் தம் தனித் திறத்தால் தோன்றிவிடக் கூடும். வாசகக் கூட்டம் அவ்வாறு தோன்றாது. அதற்குப் பள்ளி வேண்டும், நூலகம் வேண்டும், மேடை வேண்டும். அம்பையின் கதையை மும்பையில் பிறந்த தமிழ்ப்பிள்ளை தமிழில் படிக்க இயலாமற் போனால், அப்பரிசு நம் நகருக்கு வந்தும் நம் வீட்டுக்கு வரவில்லை என்றே பொருள்.

பிற நாடுகளில் நம்மவர் நிலை எவ்வாறு? மலேசியாவில் 1971ஆம் ஆண்டில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடிற்று. தேசியப் பண்பாடு அந்நிலத்து முதற்குடியினரின் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ளும். ஏற்புடைய பிற கூறுகள் அதில் இடம் பெறலாம். இசுலாம் அதில் முதன்மையான கூறாகும் என்று அங்கே வரையறுத்தனர். மலாய் மொழியில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம் என்றாயிற்று; தமிழில் எழுதப்படுவது ஓர் இனத்தாரின் இலக்கியமாக ஒதுக்கப்பட்டது. அந்நாட்டின் இரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, அத்தோட்டங்களைப் பற்றியே எழுதப்பட்ட புதினமும் அந்நாட்டின் இலக்கியம் அன்று என்பது எத்துணை விந்தை! ஆயினும் அங்குள்ள தமிழர் சோர்ந்துவிடவில்லை. தமிழ்ப்பள்ளிகளைக் காத்தனர், எழுத்தாளர் சங்கம் கண்டனர், போட்டிகள் நடத்தித் தம் எழுத்தாளரைத் தாமே வளர்த்தனர்.

சிங்கப்பூரின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. 1979ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட கலாசாரப் பதக்கம் தமிழ்ப் படைப்பாளர்களுக்கும் வழங்கப்படுகிறது. பள்ளியில் தமிழ் உண்டு. நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு. வானொலியும் தொலைக்காட்சியும் உண்டு. அவ்வாறிருந்தும் இந்திய இல்லங்களில் தமிழைப் பெரிதும் பேசுவோர் விகிதம் குறைந்து வருவதை அந்நாட்டின் குடிமதிப்பு அறிக்கைகள் காட்டுகின்றன. அரசு கைவிட்ட இடத்தில் மக்கள் முயன்று மொழியைக் காத்தனர். அரசு கைகொடுத்த இடத்தில் இல்லம் தளர்ந்தது. இவ்விரு சான்றுகளையும் இணைத்து நோக்கின், அரசின் கொள்கை மட்டுமே ஒரு மொழியை வாழ வைக்காது, வீழ்த்திவிடவும் செய்யாது என்பது பெறப்படும்.

எனவே, நம் கையில் உள்ளதென்ன என்று ஆராய்வோம். இந்திய அரசமைப்பின் 29ஆம், 30ஆம் பிரிவுகள் மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியையும் எழுத்தையும் பண்பாட்டையும் காக்கவும், தமக்கெனக் கல்வி நிலையங்கள் நடத்தவும் உரிமை தருகின்றன. 1956ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கான வசதியைச் செய்து தருமாறு மாநிலங்களையும் உள்ளாட்சிகளையும் பணிக்கிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்திவரும் பெருமைக்குரியது. தமிழ் அவ்வெட்டனுள் ஒன்று. இந்தி, உருது, குஜராத்தி, சிந்தி ஆகியவற்றுக்கு மகாராட்டிர அரசு அகாதெமிகளும் அமைத்துள்ளது. ஒரு மாநிலம் தன் ஆட்சிமொழி அல்லாத மொழிகளையும் பேண இயலும் என்பதற்கு இது தக்க சான்று.

நூலகத் துறையில் நாம் அறிய வேண்டிய சட்டங்கள் இரண்டு. 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, இந்தியாவில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றின் படியும் நான்கு நூலகங்களைச் சேர வேண்டும். கல்கத்தாவின் தேசிய நூலகம், சென்னையின் கன்னிமாரா, டெல்லிப் பொது நூலகம் ஆகிய மூன்றோடு நான்காவதாக அமைந்தது பம்பாயின் மத்திய நூலகம். அதாவது, சென்னையிலோ மதுரையிலோ வெளியாகும் தமிழ் நூலின் ஒரு படி இந்நகருக்கு வந்தாக வேண்டும் என்பது சட்டம். அச்சட்டம் வந்த நாள்முதல் எத்தனை பதிப்பாளர் அதனைப் பேணினர், வந்த தமிழ் நூல்களை நம்மில் எத்தனை பேர் கேட்டுப் பெற்றுப் படித்தனர் என்று நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டும். மற்றொன்று, 1967ஆம் ஆண்டின் மகாராட்டிரப் பொது நூலகச் சட்டம். மக்கள் மன்றங்கள் நடத்தும் நூலகங்களை ஏற்று, தரம் பிரித்து, மானியம் வழங்கும் ஏற்பாடு அதில் உண்டு. நம் சங்கங்களின் பூட்டிய அலமாரிகள் முறையான நூலகங்களாக மாறுவதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அலமாரியின் சாவி நம்மிடமே உள்ளது.

இங்கே நம் திறனாய்வு நம்மை நோக்கித் திரும்புகிறது. அரசின் கொள்கையைக் குறை கூறும் நாம், நம் சங்கங்களின் கொள்கை யாது என்று என்றேனும் எண்ணியதுண்டா? ஒவ்வொரு சங்கமும் ஒரு சிறு அரசே. அதற்கு வரவு செலவு உண்டு, மேடை உண்டு, யாருக்குப் பொன்னாடை, யாருக்கு முன்வரிசை என்னும் தீர்மானங்கள் உண்டு. அவையே நம் பண்பாட்டுக் கொள்கை.

மாதுங்காவை அடுத்து நிற்கிறது சண்முகானந்தா அரங்கம். 1952ஆம் ஆண்டில் தோன்றிய அச்சபை 1963ஆம் ஆண்டில் பேரரங்கம் எழுப்பிற்று. 1990ஆம் ஆண்டில் தீயில் அழிந்தும் 1998ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது. தென்னாட்டார் தம் இசைக்கும் நடனத்திற்கும் இந்நகரில் தேடித்தந்த பெருமைக்கு அது நிலையான சின்னம். அங்கிருந்து நடக்கும் தொலைவிலேயே தாராவி தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொட்டிகளில் உழைத்து, இந்நகரின் செல்வத்தைப் பெருக்கிய மக்களின் ஊர் அது. அவர்கள் வில்லுப்பாட்டையும் கரகத்தையும் கும்மியையும் உடன் கொண்டுவந்தனர். அரங்கத்துக்கும் அவ்வூருக்கும் இடையே உள்ள தொலைவு சிறிது. ஆனால் ஒன்றைக் 'கலை' என்றும் மற்றொன்றைக் 'கொடை விழாக் கூத்து' என்றும் பெயரிட்டு நாம் வகுத்துக்கொண்ட தொலைவு பெரிது. செவ்வியல், நாட்டுப்புறம் என்று அகாதெமிகள் வகுத்த கோடு டெல்லியில் மட்டும் இல்லை. அது சயானுக்கும் தாராவிக்கும் நடுவிலும் ஓடுகிறது. அக்கோட்டை வரைந்ததில் சாதியின் கையும் உண்டு என்பதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

1966ஆம் ஆண்டிற்குப் பின் இந்நகரில் தென்னிந்தியரை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின்போது, நாம் அனைவரும் ஒரே பெயரால்தான் சுட்டப்பட்டோம். நம்முள் நாம் வகுத்த வேற்றுமைகளை அன்று எவரும் கேட்கவில்லை. அந்த நாள்களைக் கண்ட முதியோர், நாம் அனைவரும் ஒரே படகில் இருந்ததை இன்றும் நினைவு கூர்வர். இடர் வந்தபோது தோன்றிய ஒருமை, இடர் நீங்கியபின் நம் மேடைகளில் ஏன் தோன்றவில்லை?

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. தாராவியை இடித்துப் புதுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்துள்ள இக்காலத்தில், யார்க்கு எத்தனை சதுர அடி, யார் தகுதியுடையார், யார் அல்லார் என்பதே எங்கும் பேச்சு. அது வேண்டிய பேச்சே. கூரை இல்லாதவனுக்குக் கவிதை சோறு போடாது. ஆயினும் அக்கணக்கில் தமிழ்ப் பள்ளிக்கு எத்தனை சதுர அடி? படிப்பகத்திற்கு எத்தனை? கொடை விழா நிகழும் திடலுக்கு எத்தனை? இவற்றை இப்போது கேளாவிடில், வரைபடம் வரைந்து முடித்தபின் கேட்பதற்குப் பொருள் இராது. ஒரு குடியிருப்பைப் பத்து அடுக்காக உயர்த்தலாம். அதன் மொழியை எந்த அடுக்கில் வைப்பது என்று முன்கூட்டியே எண்ணாவிடில், அது படிக்கட்டிலேயே தங்கிவிடும்.

ஆகவே செய்யத்தக்கவை எவை? முதலாவது, நம் சங்கங்கள் தம் நூற்றொகுதிகளைப் பொது நூலகச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்து, மாலைப்பொழுதில் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்தல். இரண்டாவது, ஆண்டு விழாவின் ஒரு மாலையையேனும் தாராவியின் பாடகருக்கும் வில்லிசைஞருக்கும் உரியதாக்கி, அவர்களை அழைத்துச் சிறப்பித்தல். பொன்னாடையோடு நில்லாமல் தக்க ஊதியமும் தருதல். மூன்றாவது, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளை ஏழையரின் பள்ளி என்று ஒதுக்காமல், அவற்றில் பயிலும் பிள்ளைகளுக்கு நம் பரிசுகளையும் உதவித்தொகைகளையும் திருப்புதல். நான்காவது, சாகித்திய அகாதெமிக்கும் மண்டல மையங்களுக்கும் ஒரே குரலில் ஒரு வேண்டுகோள் விடுத்தல்: மொழியை மாநில எல்லையால் மட்டும் அளவாதீர், அம்மொழி பேசுவோர் வாழும் நகரங்களையும் அதன் நிலமாகக் கொள்வீர் என்று. ஐந்தாவது, நம் பிள்ளைகள் மராத்தியை நன்கு கற்று, மராத்தி இலக்கியத்தைத் தமிழுக்கும் தமிழ் இலக்கியத்தை மராத்திக்கும் கொண்டு செல்லுமாறு ஊக்குதல். வாழும் மண்ணின் மொழியை மதிப்பவனே தன் மொழிக்கு மதிப்புக் கேட்கும் தகுதி உடையவன்.

'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்னும் பெயரில் தமிழிலும் வந்துள்ள தம் கிக்கூயூ நாவலைச் சிறையில் கழிவறைத் தாளில் எழுதினார் கூகி. அவருக்கு நூலகம் இல்லை; மானியம் இல்லை; மேடையும் பறிக்கப்பட்டிருந்தது. இருந்தும் தம் தாயின் மொழியில் எழுத வேண்டும் என்னும் உறுதி இருந்தது. நமக்கோ சட்டம் உண்டு, பள்ளி உண்டு, சங்கம் உண்டு, ஆண்டுதோறும் மலரும் உண்டு. இத்தனையும் இருந்து, இம்மலரைக் கையில் எடுக்கும் நம் பேரப்பிள்ளை படங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்குமாயின், அந்தக் குறையை எந்தக் குடியேற்ற ஆட்சியின்மேல் ஏற்றுவோம்? இன்று மாலை அப்பிள்ளையை அருகில் அமர்த்தி, இதன் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்போம். நம் பண்பாட்டுக் கொள்கை அந்த ஒரு பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும்.